மேடையில் மூன்று பேர், லேப்டாப்பில் எட்டுப் பேர்

கடலூர்க்காரர்களிடம் எந்த வருடம் என்று கேட்டுப் பயனில்லை. எந்தப் புயல் என்றுதான் கேட்க வேண்டும். வியாழக்கிழமை மாலை, செம்மண்டலத்தில் ஜெயசீலன் வீட்டு மொட்டை மாடியில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "குழுவை எப்ப ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன்.

"சுனாமிக்கு அடுத்த தையில, மேடம்."

"பதினோரு பேரும் சேர்ந்தது?"

"தானே புயல் அடிச்சதுக்கு முந்தின வைகாசி."

"அப்புறம் ஆள் குறைஞ்சது?"

"பெருவெள்ளத்துக்கு அப்புறம் ரெண்டு பேரு. கொரோனாவுக்கு அப்புறம் மத்தவங்க."

வருடத்துக்கென்று நான் கோடு போட்டிருந்த கட்டத்தில் நான்கு பேரிடர்கள் வரிசையாக உட்கார்ந்தன. ஊருக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டித்தான் அவற்றை எண்ணாக்க வேண்டும்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாண வரவேற்புகளில் எல்லோரும் பந்திக்கு இடம் பிடிக்கப் போகும்போது நான் மேடை ஓரமாகப் போய், எத்தனை பேர், யார் என்ன வாசிக்கிறார், முதல் பாட்டு எது என்று எழுதிக்கொள்வேன். உறவினர்கள் இதை எப்போதோ மன்னித்துவிட்டார்கள். ஜெயசீலனின் மெல்லிசைக் குழு ஒருமுறை சிங்காநல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தது. மேடையில் பதினோரு பேர். எட்டாவது பெயரை எழுதி முடித்ததுமே என்னைக் குடும்பப் புகைப்படத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். விட்டுப்போன மூன்று பெயர்களைக் கேட்டு வாங்கத்தான் இந்தப் பயணம். "சனிக்கிழமை சிதம்பரத்துல ஒரு ரிசப்ஷன் இருக்கு, கூடவே வாங்களேன்" என்று போனில் சொல்லியிருந்தார்.

"மத்தவங்கள எப்பப் பார்க்கலாம்?" என்றேன்.

"இப்பவே பாருங்க" என்று லேப்டாப்பைத் திறந்தார். திரையில் எட்டு மஞ்சள் உறைகள், அதாவது ஃபோல்டர்கள். 'தாஸ் குழல்.' 'வயலின் சார்.' 'டிரம்பெட் அண்ணன்.' 'கிட்டார் குமார்.' இப்படியே எட்டு வரை. என் நோட்டில் விட்டுப்போன மூன்று பேரும் அதில் இருந்தார்கள். "ஒவ்வொருத்தரையும் ஒரு நாள் தனி ஒயர் போட்டு வாசிக்க வெச்சேன். சும்மா ரெஃபரன்ஸுக்குன்னுதான். அப்புறம் பாத்தா, அதுவே போதுமா இருந்துச்சு."

தனி ஒயர் என்பது இதுதான்: மேடையில் எல்லா வாத்தியமும் கலந்துதான் ஒலிபெருக்கிக்குப் போகும். ஒருவருடைய வாத்தியத்தின் சத்தத்தை மட்டும் பிரித்து லேப்டாப்புக்குக் கொண்டுபோகிற கம்பி தனி ஒயர். ஒருவருக்கு அது மாட்டப்பட்டால் அடுத்த சீசனிலிருந்து அவர் வர வேண்டியதில்லை. அவருடைய உறை வந்தால் போதும்.

ஜெயசீலனை வில்லனாக நினைத்துவிடக் கூடாது. கீபோர்டும் அவர்தான், ஆண் குரலும் அவர்தான். முன்பெல்லாம் கல்யாண வீட்டார், "எத்தனை பேரு வருவீங்க?" என்று கேட்டால் பெரிய எண்ணைச் சொல்லிப் பெருமைப்படலாமாம். இப்போது நிகழ்ச்சியை நடத்தித் தருகிற கம்பெனிக்காரர்கள் அதே கேள்வியைக் கேட்கும்போது முடிந்த வரை சின்ன எண்ணைச் சொல்ல வேண்டும். மேடையில் பாதியை எல்.இ.டி. விளக்குத் திரை பிடித்துக்கொள்கிறது. இன்னொரு பாதியைப் பூ அலங்காரம் பிடித்துக்கொள்கிறது. பாட்டுப் பட்டியல் வாட்ஸப்பில் வருகிறது, ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் 'அப்படியே ஒரிஜினல் மாதிரி' என்ற குறிப்போடு.

"மனுசன் வாசிச்சா கொஞ்சம் மாறுது, மேடம். மாறினா கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க. லேப்டாப் மாறாது" என்றார். பிறகு மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டோலக் செல்வத்துக்கு இந்தச் சனிக்கிழமை ஒயர் போடறேன். ஆவணியிலேர்ந்து நானும் பாடற கவிதாவும் மட்டுந்தான். கம்பெனிக்காரன் ரெண்டு பேருக்கு மேல வேணாங்கறான். செல்வத்துகிட்ட சொல்லிடாதீங்க."

மூன்று பெயர்களை வாங்க வந்த எனக்கு, ஒரு பெயரை அடிக்கப் போகிற ரகசியமும் சேர்ந்து கிடைத்தது.

வெள்ளிக்கிழமை அந்தச் செல்வமே என்னைப் பழைய டவுனில் மீன் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பம். மேடையில் டோலக், தபேலா. பகலில் போர்வெல் மோட்டார் ரிப்பேர். நான் கோவை என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க ஊரு மோட்டார்தான்க்கா எனக்குச் சோறு போடுது."

"அவ்வளவு நல்ல மோட்டாரா?"

"நல்லா ரிப்பேர் ஆவுது."

எங்கள் ஊரில் மீன் குழம்பு என்று நாங்கள் சாப்பிடுவது, மீனுக்குத் தகவல் தெரிவித்துவிட்டு வைக்கிற குழம்பு. இங்கே சங்கரா மீன் தட்டை நிரப்பிக்கொண்டு படுத்திருந்தது. காலை பத்து மணிக்கே கடல் காற்றில் பிசுபிசுப்பு. சட்டைக் காலரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே எல்லோரும் பேசினார்கள். கோவையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் குளிரும். இங்கே மின்விசிறி அறையில் இருக்கிற ஈரத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது.

செல்வம் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார். "அக்கா, நேத்து சீலன் வீட்டுக்குப் போனீங்களே. புது ஒயரு ஏதாவது வாங்கி வெச்சிருக்கானா?"

எனக்குத் தொண்டையில் முள் சிக்கிவிட்டது என்று சைகை செய்தேன். அவர் அக்கறையாக ஒரு உருண்டை வெறும் சோற்றை என் பக்கம் தள்ளினார்.

"மெதுவா முழுங்குங்க. ஒயரு கறுப்பா செவப்பா?"

சிவப்பு; லேப்டாப் பக்கத்தில் சுருண்டு கிடந்ததைப் பார்த்திருந்தேன். ஆனால் நான் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை வேன் கிளம்பியது. முன்னால் ஓட்டுநருடன் ஜெயசீலன். பின்னால் நான், செல்வம், பாடகி கவிதா. கவிதா பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியை. மடியில் விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டே சுருதி பிடித்தார். சிதம்பரத்துக்கு நேர்ச் சாலை இருக்க நாங்கள் குறிஞ்சிப்பாடியைச் சுற்றிப் போனதற்குக் காரணம் ஒரு சோப்புக் குமிழி இயந்திரம். மணமக்கள் உள்ளே நுழையும்போது குமிழி பறக்க வேண்டும் என்று பட்டியலில் பாட்டுகளுக்கு மேலேயே எழுதியிருந்தது.

அந்த இயந்திரத்தை வாடகைக்கு விடுகிறவர் வேறு யாருமல்ல, 'தாஸ் குழல்' என்ற உறையின் சொந்தக்காரர். கடை வாசலில் நின்று வேனைப் பார்த்ததும், "வாடா மச்சான். போன வாரம் வடலூர்ல ஒரு கல்யாணத்துல நான் வாசிச்சேனாமே? நல்லா இருந்துச்சா?" என்றார்.

"சூப்பரா வாசிச்ச மச்சான்" என்றார் ஜெயசீலன், முகம் மாறாமல். "ஒரு பிசிறு இல்ல."

"போன மாசம் என் மச்சினி கல்யாணம். நான் பந்தியில உக்காந்திருக்கேன், மேடையிலயும் வாசிக்கிறேன். எம் பொண்டாட்டி கேக்கறா, இதுல எந்த ஆளு வீட்டுக்கு வருவீங்கன்னு." தாஸ் என்னிடம் திரும்பினார். "முன்ன மூச்சு விட்டாப் பாட்டு வரும்மா. இப்ப மிஷின் மூச்சு விட்டா சோப்புக் குமிழி வருது. இதுல ஒண்ணு நல்லது, எவனும் ரெக்கார்ட் பண்ண முடியாது."

அவருடைய முழுப்பெயரையும், சேர்ந்த தேதியையும் கேட்டேன். தானே புயலுக்கு ஏழு மாதம் முன்னால் என்றார். ஜெயசீலன் இயந்திரத்தை ஏற்றப் போன நேரத்தில் தாஸ் செல்வத்தின் தோளில் கை போட்டார்.

"எப்படிப் போவுது? சீலன் நல்லா பேசறானா?"

"நல்லாத்தான் பேசறான்."

"நல்லா பேசினாப் பரவால்ல. சாப்பாடு வாங்கித் தந்தா ஜாக்கிரதை. எனக்கு ஒயர் போட்ட அன்னிக்கு மட்டன் பிரியாணி. வயலின் சார் சைவம், அவருக்கு நெய் ரோஸ்ட்டும் பாதாம் அல்வாவும்."

வேன் வடலூர் தாண்டும் வரை செல்வம் ஜெயசீலனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். சேத்தியாத்தோப்புக்கு முன்னால் ஒரு வேகத்தடை, வர்ணம் பூசாதது. வேன் அதில் ஏறிக் குதித்ததில் பின்னால் இருந்த பேட்டரிக் குமிழி இயந்திரம் தானாக ஓட ஆரம்பித்தது. ஒரு நிமிடத்தில் வேனுக்குள் விடைத்தாள் தெரியவில்லை. அதன் சுவிட்சோ பெட்டிகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்க ஜன்னல்களிலும் குமிழிகள் வரிசையாக வெளியேற, எங்களைப் பின்தொடர்ந்து ஏழெட்டு பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. புவனகிரியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார்.

"என்னா வண்டி இது?"

"கச்சேரி சார்" என்றார் ஜெயசீலன்.

காவலர் தன் தொப்பி மீது வந்து உட்கார்ந்த குமிழி உடையும் வரை அசையாமல் நின்றார். "கச்சேரின்னா சத்தந்தானே வரும்?" என்று கேட்டுவிட்டு அனுப்பினார்.

சிதம்பரம் வந்து சேர்ந்தபோது இயந்திரம் ஓய்ந்திருந்தது. குமிழித் திரவமும் காலி.

மதியச் சாப்பாட்டை நான் என்றைக்கும் மறக்க முடியாது. சம்பா சாதம், கத்திரிக்காய் கொத்சு. எங்கள் ஊரில் கொத்சு என்றால் தொட்டுக்கொள்கிற ஒன்று. இங்கே சாதம்தான் கொத்சுக்குத் தொட்டுக்கொள்ள வந்ததுபோல் இருந்தது. ஜெயசீலன் செல்வத்தின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொத்சு போடுங்கப்பா இவனுக்கு. மச்சான், ஒரு ஜாங்கிரி சாப்பிடு. இன்னொண்ணு சாப்பிடு. பார்சல் சொல்லட்டா?"

செல்வம் இரண்டாவது ஜாங்கிரியைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "செவப்பா இருக்கு" என்று என்னிடம் சொன்னார். பிறகு அதை முழுதாகச் சாப்பிட்டு, மூன்றாவதும் கேட்டார்.

மண்டபம் நகரத்தின் வெளிப்பக்கம். பெண் விவசாயக் குடும்பம், மென்பொருள் வேலை, மாப்பிள்ளையும் அதேபோல. நான்கு மணிக்கு ஒலி சரிபார்ப்பு. மேடையின் இடது மூலையில், பூத்தூணுக்கும் விளக்குத் திரைக்கும் நடுவே, மூன்று பேர் உட்காரும் அளவு இடம் விட்டிருந்தார்கள். டோலக்குக்கு முன்னால் மைக் வைத்து ஜெயசீலன் சிவப்பு ஒயரை மாட்டினார்.

"எதுக்கு மச்சான் இது?" என்றார் செல்வம்.

"சும்மாதான்டா. ரெஃபரன்ஸுக்கு."

"ஓ" என்றார் செல்வம். "நல்லா வாசிக்கணும் அப்ப."

குமிழித் திரவத்துக்கு மண்டபச் சமையல் கூடத்திலிருந்து பாத்திரம் தேய்க்கிற திரவத்தை வாங்கித் தண்ணீர் கலந்து கவிதா ஊற்றினார். ஆறே முக்காலுக்குக் கதவு திறந்தது. லேப்டாப்பில் எட்டுப் பேரும் வாசிக்க ஆரம்பித்தார்கள். கவிதா பாடினார். எலுமிச்சை வாசனையோடு மணமக்கள் நுழைந்தார்கள். சமையல் கூடத்துத் திரவம் சின்னக் குமிழி விடாது போலிருக்கிறது. பலாப்பழம் அளவுக்கு ஒவ்வொன்றும் வந்து, சிவப்புக் கம்பளத்துக்கு முன்னால் வழவழத்த தரையில் உடைந்தது. மாப்பிள்ளை அதில் கால் வைத்தார். விழவில்லை. ஆனால் விழாமல் இருப்பதற்காக அவர் செய்தவற்றை வீடியோவில் வைக்க முடியாது.

"கட்! மறுபடி முதல்லேர்ந்து வாங்க" என்று கத்தினார் வீடியோக்காரர்.

இந்தக் கால வரவேற்புகளில் அவர்தான் நடத்துநர். மணமக்கள் திரும்பிப் போனார்கள். பாட்டு திரும்பப் போட்டார்கள். இரண்டாம் முறை மணப்பெண்ணின் சரிகை பூ வளைவில் மாட்டிக்கொண்டது. மூன்றாம் முறை துடைப்பத்தோடு ஒருவர் குறுக்கே வந்தார். ஒவ்வொரு முறையும் பாட்டு தன் பாட்டுக்கு ஓடி, மணமக்கள் பாதி வழியில் இருக்கும்போதே முடிந்துபோனது. பதிவான எட்டுப் பேருக்கும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது. நாலாவது தடவை அதே பாட்டு தொடங்கியதும் முன்வரிசையில் ஒருவர், "யோவ், டேப்பு மாட்டிக்கிச்சாய்யா?" என்றார். சிரிப்பு எழுந்தது. ஜெயசீலனின் கை அவசரத்தில் எதையோ அழுத்த, எல்லாமே நின்றது. பெண்ணின் அப்பா எழுந்து மேடைப் பக்கம் பார்த்தார்.

"மச்சான், ஏதாவது அடிடா" என்றார் ஜெயசீலன்.

செல்வம் அடித்தார். நடைக்கு ஏற்ற நிதானமான அடி. மணமக்கள் நின்றால் உருட்டி நிறுத்தி, நடந்தால் எடுத்துக்கொடுத்தார். துடைப்பக்காரர் குறுக்கே வந்தபோது அவருக்கும் தனியாக நாலு தட்டு. கூட்டம் கைதட்டியது. ஜெயசீலன் லேப்டாப்பைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சிவப்பு ஒயர் வழியாக எல்லாம் அழகாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அப்போது செல்வம் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அரக்குப் பட்டுப் புடவைக்காரரிடம் குனிந்தார். "அம்மா, நீங்க பொண்ணுக்கு என்னா வேணும்?"

"அத்தைப்பா. மல்லிகா."

செல்வம் டோலக் மைக்குக்குள் முகத்தை வைத்து, அடிக்குள் அடியாக, "மல்லிகா அத்தை வந்தாச்சு, வழி விடு! மல்லிகா அத்தை வந்தாச்சு, வழி விடு!" என்றார்.

மல்லிகா அத்தை எழுந்து நின்றே விட்டார். கம்பளத்தில் இறங்கி மணமக்களுக்கு முன்னால் நடந்தார். அடுத்த நொடி பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல்: "தம்பி, நான் தாய்மாமன். கதிர்வேலு." கதிர்வேலு மாமாவுக்கும் வழி விடப்பட்டது. அப்புறம் பெங்களூர்ச் சித்தி. மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா, தன் பெயரை ஒரு சீட்டில் எழுதியே கொண்டுவந்தார். வீடியோக்காரர் 'கட்' சொல்ல மறந்துபோனார். அரை மணி நேரம் இருக்கும். மேடை வரைக்கும் ஒரே உறவுக்காரர் ஊர்வலம். அது முடிந்து பாட்டுகள் தொடங்கிய பிறகும், ஒரு சுற்றுகூட விடாமல் செல்வம் ஒவ்வொரு அடிக்குள்ளும் ஒரு பெயரைத் திணித்தார்.

எட்டரைக்கு ஒயர் சுருட்டும்போது ஜெயசீலன் காதில் ஹெட்போனை மாட்டிப் பதிவைக் கேட்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"டேய், டோலக்குக்குள்ள எல்லாம் மல்லிகா அத்தை இருக்குடா."

"இருப்பாங்க. பாசமானவங்க."

"அதுக்கு முன்னாடி அடிச்சதெல்லாம் நின்னு நின்னு துண்டு துண்டா கெடக்கு. பேரு கத்தாம ஒரு பாட்டு முழுசா வாசிக்கலியா?"

"வாசிச்சேனே மச்சான். சவுண்டு செக்ல."

"அப்ப ரெக்கார்ட் போடலடா!"

"அடப் பாவமே" என்று செல்வம் டோலக்கை உறைக்குள் வைத்தார். ஆவணியில் யாரோ ஒரு வீட்டு மாப்பிள்ளை நுழையும்போது, அந்த வீட்டில் இல்லாத மல்லிகா அத்தைக்கும் கதிர்வேலு மாமாவுக்கும் வழி விடச் சொல்லி லேப்டாப் கத்துவதைக் கற்பனை செய்தேன். கவிதா பூத்தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை, இரவு தங்கிய விடுதியின் மாடியில் காப்பி. கவிதா, குரலை மட்டும் பிரித்து நீக்குகிற செயலி ஒன்றில் பதிவைப் போட்டுக் காட்டினார். அத்தை போய்விட்டார். டோலக்கும் கூடவே போய்விட்டது; மிச்சம் இருந்தது, கிணற்றுக்குள் யாரோ மெத்தையைத் தட்டுகிற சத்தம். "ஒரே மைக்கு, ஒரே மூச்சுல ரெண்டும் வந்திருக்கு. பிரியாதுண்ணே" என்றார், விடைத்தாளுக்கு முட்டை போடுகிற அதே குரலில்.

அந்த நேரம் ஜெயசீலனின் போன் அடித்தது. பேசியவர் சத்தமாகப் பேசும் வகை. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கதிர்வேலு மாமாவேதான். பெண்ணாடத்தில் அவருடைய சொந்த மகளுக்கு ஆவணி இரண்டாவது முகூர்த்தத்தில் கல்யாணம். "பாட்டு எது வேணா போடுங்க சார். பேரு சொல்லி அடிக்கிறாரே, அந்த ஆளு கண்டிப்பா வரணும். எங்க ஜனம் ஜாஸ்தி. அவர் வர்றார்னா பேசுவோம், இல்லாட்டி வேற ஆள் பாத்துக்கறேன்."

ஜெயசீலன் போனைக் கையால் பொத்திக்கொண்டு செல்வத்தைப் பார்த்தார். "மச்சான், ஆவணியில ரெண்டாவது முகூர்த்தம். ஃப்ரீதானே நீ?"

செல்வம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி டைரியை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதன் பக்கங்கள் நன்றாகத் தெரிந்தன. ஆவணி முழுக்க வெள்ளை. புரட்டாசியும் வெள்ளை. விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு தாளாகத் திருப்பி, நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தில் நெற்றியைச் சுருக்கி நின்று, மறுபடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தார். போனுக்குள் கதிர்வேலு மாமா "ஹலோ, ஹலோ" என்றார்.

"சொல்லுடா" என்றார் ஜெயசீலன்.

"இரு மச்சான்" என்றார் செல்வம், அடுத்த வெள்ளைத் தாளைத் திருப்பியபடி. "ரொம்ப டைட்டா இருக்கு."